நிறைஞ்சிருக்கு என்று நான் சொன்ன சேதி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், ஊருக்கு நாலு வரிக் கடிதாசும்தான். எந்த இடத்தில் ஒற்று வரும் என்று இன்னமும் தெரியாது. மறதி வேறு சேர்ந்துகொண்டது. நேற்று எழுதியதை இன்று எடுத்துப் பார்த்தால், இதை நானா எழுதினேன் என்றிருக்கிறது. படிக்கிறவர்கள் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் விஷயமாக ஒரு கிழவி எழுதுவது வேடிக்கைதான். ஆனால் என் பிள்ளையின் வேலை அதில்தான் போனது, என்னால்தான் போனது. அதனால் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் முடிச்சூரில் இருந்தோம். சுற்றிலும் வயல்களில் கல் நட்டு மனை போட்டுக்கொண்டிருந்த சமயம். நானும் என் பிள்ளையும் இரண்டு பேர்தான் வீட்டில். அவன் காலையில் சைக்கிளில் பெருங்களத்தூர் ஸ்டேஷனுக்குப் போய், அங்கிருந்து ரயிலில் போவான். ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரமாக அந்த நாட்களில் புதிது புதிதாக முளைத்த காலேஜ்களில் ஒன்றில் கம்ப்யூட்டர் லேப்பைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஆறு வருஷமாகத் தற்காலிகம். இந்த வருஷம் நிரந்தரம், அடுத்த வருஷம் நிரந்தரம் என்று சொல்லியே முப்பத்திமூன்று வயது ஆகிவிட்டது. குரோம்பேட்டையில் ஒரு பெண் வீட்டார், ஆர்டர் கையில் வந்ததும் பேசலாம் என்று சொல்லியிருந்தார்கள். நல்ல மனுஷர்கள். நான் அந்தப் பெண்ணை ஒரு தடவை கோயிலில் பார்த்தேன். பார்க்காதது மாதிரி பார்த்தேன்.

அவன் வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும், "இன்னிக்கும் மேனேஜர் கழுத்தறுத்துட்டான்மா" என்பான். ஒரு நாள் மேனேஜர் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டானாம். இன்னொரு நாள் மேனேஜர் எதையோ தேடிக்கொண்டு அரை மணி நேரம் நின்றுவிட்டானாம். பாவம், வயசான மனுஷராக இருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒரு தீபாவளிக்கு, "அவருக்கு ஒரு டப்பாவுல அதிரசம் போட்டுத் தரேன், குடுத்துட்டு வா, மனசு இளகுவாரு" என்று சொன்னேன். அவனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. "அது ஆளு இல்லம்மா. அதுவும் ஒரு புரோகிராம். பேக்கேஜ் மேனேஜர்னு பேரு."

அன்றைக்குத்தான் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னான். கம்ப்யூட்டர் வாங்கும்போது வெறும் பாத்திரம் மாதிரி. கணக்குப் போட ஒன்று, படம் பார்க்க ஒன்று, எழுத ஒன்று என்று ஒவ்வொன்றையும் பொட்டலமாகக் கொண்டுவந்து உள்ளே போட வேண்டும். அந்தப் பொட்டலங்கள் இருக்கிற கிடங்குக்கு ரெப்போ என்று பெயர். கிடங்கு நம் வீட்டிலேயே இருக்கலாம், வேறு ஊரில் இருக்கலாம், வேறு தேசத்திலும் இருக்கலாம். எந்தெந்தக் கிடங்கு என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டால், மேனேஜர் போன் வழியாகவே போய் எல்லாம் எடுத்துவரும்.

அவன் லேப்பில் அறுபது மிஷின். பரீட்சைக்கு முன்னால் அத்தனையையும் துடைத்துவிட்டு, புதிதாகப் பொட்டலம் போடுவான். அதற்கு நாலு கிடங்கு. அதில் ஒன்று பட்டணத்தில் வேறொரு காலேஜில் இருந்தது. அங்கே ஒரு பெரியவர், இவனுக்குப் பழக்கமானவர், பார்த்துக்கொண்டார். பையன்களும் பெண்களும் பரீட்சையில் செய்கிற பாடத்துக்கு வேண்டிய பொட்டலம் அந்தக் கிடங்கில் மட்டும்தான் இருந்ததாம்.

மேனேஜரிடம் ஒரு கெட்ட குணம். நாலு கிடங்கில் ஏதாவது ஒன்று பதில் சொல்லவில்லை என்றால், மற்ற மூன்றுக்கும் போகாமல் அப்படியே கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடும். நான் சொல்லவந்த பரீட்சைக்கு முந்தின அரை வருஷத்தில் அப்படித்தான் ஆனது. எழுத்துகளை விதவிதமாகக் காட்டுகிற பொட்டலம் மட்டும் வைத்திருக்கிற கிடங்கு ஒன்று படுத்துவிட்டது. அதற்காக அறுபது மிஷினும் பாதியில் நின்றன. பிள்ளைகள் காலை முழுக்க வெளியே வெயிலில் நின்றார்களாம். துறைத் தலைவர் எல்லார் முன்னாலும், "என்னய்யா, எழுத்து அழகா இல்லைன்னு லேபையே இழுத்து மூடிட்டியா?" என்று கேட்டாராம். வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான்.

சோற்றைப் பிசைந்துகொண்டே என்னிடம் கேட்டான். "நீ ரேஷன் கடைக்குப் போறே. மண்ணெண்ணெய் வரலைங்கறான். அதுக்காக அரிசியும் சர்க்கரையும் வாங்காம பையை மடிச்சிக்கிட்டு வந்துடுவியா?"

"அது எப்படி? இருக்கறதை வாங்கிட்டுத்தானே வருவேன்."

"அவ்ளோதாம்மா. உனக்குத் தெரிஞ்சது அதுக்குத் தெரியலை."

மறுநாள் போய் அதற்கு ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டானாம். ஒரு கிடங்கு பதில் சொல்லாவிட்டால் விட்டுவிடு, மற்ற வேலையைப் பார் என்று. அதிலிருந்து மேனேஜர் நிற்கவே இல்லை. "உன் யோசனைதாம்மா" என்று அவன் சொன்னபோது, நானே ஆபீசுக்குப் போய் வந்தவள் மாதிரி எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மண்ணெண்ணெய் வாங்காமல் வந்தவள், வரவில்லை என்று வீட்டில் வாய்விட்டுச் சொன்னாளா என்று அவனும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

சொல்லியிருக்க மாட்டேன். எங்கள் வீட்டுப் பழக்கம் அப்படி. அரிசி தீர்ந்தால் "அரிசி நிறைஞ்சிருக்கு" என்போம். உப்பு தீர்ந்தாலும் அப்படித்தான். கேட்கிறவர்கள் புரிந்துகொண்டு பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவார்கள். இல்லை என்று சொன்னால் இல்லாமலே போய்விடும் என்பது எண்ணம். அதுவும் வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு அந்தச் சொல் வாயில் வரக்கூடாது.

நானும் ஒரு காலத்தில் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பெருங்களத்தூரில் வாடகைக்கு இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய கையோடு நிற்கிறேன். அவர், என் வீட்டுக்காரர், காபிக்குச் சர்க்கரை கேட்டார். ஏதோ நினைப்பில் "இல்லை" என்றேன். இதோ வாங்கி வருகிறேன் என்று ரோட்டைத் தாண்டிப் போனார். சர்க்கரைப் பொட்டலத்தை யாரோ முகம் தெரியாதவர் கொண்டுவந்து கொடுத்தார். லாரிக்காரன் மேல்தான் தப்பு, உன் வார்த்தையில் என்ன இருக்கிறது என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். எனக்கும் அது தெரியும். ஆனால் அன்றிலிருந்து அந்தச் சொல் என் தொண்டையைத் தாண்டியதில்லை. பிள்ளைக்கு அப்போது ஒன்பது வயது. அவனிடம் இதை நான் சொன்னதே கிடையாது.

அந்தப் பரீட்சைக்கு வருகிறேன். வெளியிலிருந்து ஒருவர் வந்து பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்கிற பரீட்சை. அது நல்லபடியாக முடிந்ததும் நிரந்தரம் ஆகிறவர்களின் பட்டியல் போகும், அதில் உன் பெயர் இருக்கும் என்று துறைத் தலைவரே அவனிடம் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை பரீட்சை. சனிக்கிழமை மிஷின்களைத் துடைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம், நான் விளக்கு வைத்துவிட்டுத் திரும்பினேன், போன் அடித்தது.

எனக்குப் போன் என்றால் பயம். எடுத்தால் எழுந்து நின்றுகொண்டுதான் பேசுவேன். பட்டணத்துப் பெரியவர்தான் பேசினார். உங்கள் பிள்ளையின் செல்லுக்கு அடித்துப் பார்த்தேன், எடுக்கவில்லை என்றார். லேப்புக்குள் போகும்போது செல்லை வெளியே வைத்துவிட வேண்டும், அது எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். "நம்ம ரெப்போ நாளையிலேருந்து இருக்காது. கட்டடம் மாத்தறோம், ஒரு வாரம் ஆகும். இருக்காதுன்னு மட்டும் சொல்லிடுங்கம்மா, அவர் புரிஞ்சிப்பாரு." சரிங்க, சரிங்க என்று இரண்டு தடவை சொன்னேன்.

பிள்ளை வந்தான். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிக்கொண்டே, யாராவது போன் பண்ணினார்களா என்று கேட்டான். நான் சொன்னேன்: "அந்தப் பட்டணத்து சார் பண்ணாரு. அவங்க ரெப்போ நாளையிலேருந்து நிறைஞ்சிருக்காம்."

"டிஸ்க் ரொம்பிடுச்சா? இருக்கும் இருக்கும். பழசை அழிச்சிட்டா சரியாயிடும், அவரு பாத்துப்பாரு."

எனக்கு அவன் சொன்னது முழுசாகப் புரியவில்லை. ஆனால் சரியாகிவிடும் என்றான், அவர் பார்த்துக்கொள்வார் என்றான். சேதி போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அரிசிக்குச் சொன்னால் பையை எடுக்கிற பிள்ளை, இதற்கும் புரிந்துகொண்டிருப்பான் என்று இருந்துவிட்டேன். கம்ப்யூட்டரில் நிஜமாகவே நிறைந்துபோகிற இடம் ஒன்று உண்டு என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஏதோ ஒன்று மனதில் இடறியது. இன்னொரு தடவை கேட்கலாம் என்று அடுப்படி வாசல் வரைக்கும் வந்தேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை அறுபது மிஷினையும் துடைத்துப் புதிதாகப் பொட்டலம் போட்டான். மேனேஜர் எங்கேயும் நிற்கவில்லை. மூன்று கிடங்கிலிருந்து எல்லாம் வந்தது. நாலாவது கிடங்கு மூடியிருந்ததை அது ஒருத்தரிடமும் சொல்லவில்லை. விட்டுவிடு என்றுதானே இவன் எழுதிக் கொடுத்திருந்தான், விட்டுவிட்டது. கடைசியில் இவன் தன் மேஜையில் இருந்த மிஷினில் எல்லாம் நடக்கிறதா என்று போட்டுப் பார்த்தான். நடந்தது. அறுபதில் சேராத அந்த ஒரு மிஷினை மட்டும் அவன் துடைக்கவில்லை, பழைய பொட்டலம் அதில் அப்படியே இருந்தது. இதெல்லாம் பிற்பாடு அவனே எனக்குச் சொன்னது.

திங்கட்கிழமை வெளியாள் வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் தட்டினார்கள். அறுபது மிஷினும் அப்படி ஒன்று என்னிடம் கிடையாது என்று சொல்லிவிட்டன. இவன் பட்டணத்துக்குப் போன் போட்டு, போன் போட்டு, கடைசியில் அந்தப் பெரியவர் எடுத்திருக்கிறார். கிடங்கு மிஷின் லாரியில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. வெளியாள் மத்தியானம் வரைக்கும் இருந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார். பரீட்சை நடக்கவில்லை.

அன்று அவன் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தான். முற்றத்துக் கல்லில் உட்கார்ந்தான். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டான்.

"அம்மா, அவரு நிறைஞ்சிருக்குன்னா சொன்னாரு? இருக்காதுன்னா சொன்னாரு?"

"வெள்ளிக்கிழமைப்பா. விளக்கு வச்சிருந்தேன்."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். தண்ணீரைக் குடித்துவிட்டு, "சரி விடும்மா" என்றான். அவ்வளவுதான். உள்ளே போய்ப் படுத்துவிட்டான்.

எங்கள் தெருவிலிருந்து அந்தக் காலேஜுக்கு ஒரு பெண் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். லேப்பைப் பெருக்கித் துடைத்து, டீ வாங்கிக் கொடுக்கிற வேலை. என்னை அக்கா என்று கூப்பிடுவாள். புதன்கிழமை பொழுது சாயும் நேரத்தில் வேலை முடிந்து நேராக என்னிடம்தான் வந்தாள். வாசலிலேயே நின்று, "இன்னாக்கா, உம் புள்ளை இப்டி பண்ணிட்டான்" என்று ஆரம்பித்தாள். துறைத் தலைவர் அறையில் விசாரணை நடந்ததாம், இவள் டீத் தட்டோடு உள்ளே நின்றிருந்தாளாம்.

துறைத் தலைவருக்கு இவன் மேல் பிரியம் உண்டு. அவரே வழி எடுத்துக் கொடுத்திருக்கிறார். கிடங்கு மூடுவதாகத் தகவல் வரவில்லை என்று எழுதிக் கொடு, பட்டணத்துக்காரர் மேல் தப்பு என்று முடித்துவிடலாம், பட்டியலில் உன் பெயர் நிற்கும் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெரியவர் உன் வீட்டுக்குப் போன் பண்ணினேன் என்கிறாரே, வீட்டில் உனக்குச் சொல்லவில்லையா என்றும் கேட்டிருக்கிறார். அதற்கு இவன் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள்.

"சொன்னாங்க சார். எங்கம்மா சரியாத்தான் சொன்னாங்க. நான்தான் கவனிக்கலை."

அவளை உள்ளே வரச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"லிஸ்ட்டு சனிக்கெழமதான் மேல போவுதாம்" என்றாள் அவள். "இன்னும் ரெண்டு நாள் கீது. நீ ஒரு தபா வந்து தலைவராண்ட உள்ளதைச் சொல்லிடுக்கா. கெளவி வாய் தவறிச் சொல்லிச்சுன்னா யாரு இன்னா பண்ணப்போறாங்க?"

வியாழக்கிழமை அவன் போன பிறகு, கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். பஸ் ஏறிப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஐயா, தப்பு என் பேரில், என் பிள்ளைக்கு நான் மாற்றிச் சொல்லிவிட்டேன். இவ்வளவுதான். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். காலேஜ் கேட்டில் வாட்ச்மேன் எழுந்து வந்தார். மரியாதையாகத்தான், "யாரைப் பாக்கணும்மா?" என்று கேட்டார். உள்ளே பெரிய பெரிய கட்டடம். பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள், வருகிறார்கள். மறுபடியும் கேட்டார்.

"ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

எதிர்ப்பக்கம் போய் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தேன். நாலைந்து பஸ் போயிருக்கும். இன்னொரு தடவை போகலாம், இப்போது போகலாம் என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். காலேஜ் மணி அடித்தது. அவன் வெளியே வந்து என்னைப் பார்த்துவிடப்போகிறானே என்று அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். வெள்ளிக்கிழமை வீட்டை விட்டுக் கிளம்பவே இல்லை.

பட்டியலில் அவன் பெயர் வரவில்லை. மே மாதத்தோடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். குரோம்பேட்டைக்காரர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணுக்கு அடுத்த தையில் கல்யாணம் என்று கேள்விப்பட்டேன்.

வேலை இல்லாமல் வீட்டில் இருந்த நாட்களில், அவன் அந்த மேனேஜரைச் செய்கிறவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினான். அவர்கள் வெவ்வேறு தேசத்தில் இருக்கிறவர்களாம், எல்லாருமாகச் சேர்ந்து சும்மாவே செய்து கொடுக்கிறார்களாம். இங்கிலீஷில் எழுதியதை எனக்குத் தமிழில் சொன்னான். கிடங்கு பதில் சொல்லவில்லை என்றால் மொத்தமாக நின்றுவிடக்கூடாது. ஆனால் பேசாமல் தாண்டியும் போகக்கூடாது. இருக்கிறதை எடுத்துக்கொண்டு வந்து, கடைசி வரியில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி, இந்தக் கிடங்கு கிடைக்கவில்லை, அதனால் இதெல்லாம் வரவில்லை என்று பச்சையாகச் சொல்ல வேண்டும். இது இல்லாவிட்டால் வேலையே நடக்காது என்கிற கிடங்கு என்றால், அதற்கு மட்டும் நின்றே ஆக வேண்டும். எந்தக் கிடங்கு எப்படி என்பதை மிஷின் தானாக முடிவு பண்ணக்கூடாது, ஆளைக் கேட்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னைக் குத்திக்காட்ட எழுதியதல்ல, அவன் அப்படிப்பட்டவன் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரியும் எனக்குச் சொன்ன மாதிரிதான் இருந்தது. யாரோ ஒருவர் இரண்டு வரி பதில் போட்டிருந்தாராம், யோசிக்கிறோம் என்று.

பிறகு அவன் ஐதராபாத் போய்விட்டான். அங்கே ஒரு கம்பெனியில் இதே மாதிரி வேலை. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவான். உடம்பு எப்படி என்று கேட்பான், நன்றாக இருக்கிறேன் என்பேன். மாத்திரை இருக்கிறதா என்பான், இருக்கிறது என்பேன். காலேஜ் கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்ததை அவனிடம் நான் இன்றைக்கு வரை சொல்லவில்லை. எனக்காக அவன் பொய் சொன்னது எனக்குத் தெரியும் என்றும் சொல்லவில்லை. போனில் சொல்ல வராது. எதிரில் உட்கார்ந்தாலும் வராது. எழுதினால் வருகிறதா என்று பார்க்கத்தான் இந்த நோட்டை எடுத்தேன்.

இதைக் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் யாராவது ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும். கிடங்கு நாலா ஐந்தா என்று எனக்குச் சந்தேகம். சனிக்கிழமை அவன் செய்ததை நான் முன்பின்னாக எழுதியிருக்கலாம். அந்தப் பெரியவர் சொன்ன வார்த்தை மட்டும் சரிதான், அதை மாற்ற வேண்டாம். மற்றபடி அவன் பேரில் தப்பு வருகிற மாதிரி எங்காவது எழுதியிருந்தால் அடித்துத் திருத்திக் கொடுங்கள். சரியாக இருக்கிறது என்று நீங்கள் சொன்ன பிறகு அவனுக்குத் தபாலில் அனுப்பலாம் என்று இருக்கிறேன்.